‘தெரியாது’ என்றால் ஷிரிமஸென்னா, வகரிமஸென்னா?

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்4 நிலை தேறிவிட்டேன். போன மாதம் காணொளி நேர்காணலில் “எப்போதிலிருந்து வேலைக்கு வர முடியும்?” என்று கேட்டார்கள். விசா எப்போது வரும் என்று தெரியாததால் “ஷிரிமஸென்” என்றேன். கேட்டவரின் முகம் சட்டென்று மாறிவிட்டது. என் நோட்டில் ஷிரிமஸென், வகரிமஸென் இரண்டுக்கும் ‘தெரியாது’ என்றுதான் எழுதியிருக்கிறது. இப்படி ஒரே பொருள் தரும் சொற்களில் எதை எங்கே சொல்வது? நான் படிக்கும் மையத்தில் எண்ணூறு ஜோடிச் சொற்கள் கொண்ட பட்டியலை நாலாயிரம் ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
ஒரு வாசகி, கோவை

பதில்: பட்டியலை வாங்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது உங்களை உறுத்திக்கொண்டிருப்பது அந்த நேர்காணல். அதை முதலில் பார்ப்போம்.

ஷிரிமஸென்னின் மூல வினையான ஷிரு என்பது வெளியே இருக்கும் ஒரு செய்தி நம்மிடம் வந்து சேர்வது. ஓர் ஆளை, ஒரு கடையை, ஒரு தொலைபேசி எண்ணை அறிந்திருப்பது எல்லாம் ஷிரு. வகரிமஸென்னின் மூல வினையான வகரு வேறு. அதை எழுதப் பயன்படும் சித்திர எழுத்துக்குப் பிரித்தல், பகுத்தல் என்று பொருள். குழம்பிக் கிடப்பது மனத்துக்குள் பிரிந்து தெளிவாவதுதான் வகரு. நம்முடைய ‘புரிகிறது’, ‘விளங்குகிறது’, ‘பிடிபடுகிறது’ எல்லாம் அந்தப் பக்கம் நிற்பவை.

எப்போது வேலைக்கு வருவீர்கள் என்பது உங்கள் சொந்த விஷயம். நாலையும் யோசித்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் போய் “ஷிரிமஸென்” என்றால், ‘அந்தச் செய்தி என் காதுக்கு வரவில்லை, வராவிட்டால் எனக்கென்ன’ என்ற தொனி வந்துவிடும். மேலாளர் கேட்கும்போது “அது எனக்கெப்படித் தெரியும்?” என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் காதில் ஏறக்குறைய அப்படித்தான் விழுந்திருக்கும். “மதா வகரிமஸென்” என்று சொல்லியிருந்தால் ‘இன்னும் முடிவாகவில்லை போல’ என்று எடுத்துக்கொண்டிருப்பார். மதா என்றால் இன்னும். அந்த ஒரு சொல்லை முன்னால் போட்டுப் பழகுங்கள், பாதி வில்லங்கம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இந்தத் தவறு உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் நம் ஆள் ஒருவரிடம் உதிரிபாகம் எப்போது வரும் என்று கேட்டார். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த அவர் நிமிராமலே “ஷிரிமஸென்” என்றார். நல்ல உழைப்பாளி, யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர். பொறியாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அன்று முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு ஷிரிமஸென்னைக் கெட்ட வார்த்தை மாதிரி ஒதுக்கிவிடாதீர்கள். என் மாணவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எதற்கெடுத்தாலும் வகரிமஸென் என்கிறார்கள், அப்புறம் வேறொரு குழியில் விழுகிறார்கள். அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

“தனகா ஸன் என்பவரைத் தெரியுமா?” என்று கேட்டால் ஷிரு தான் சரி. ஆள் வெளியே இருக்கிறார், அவரைப் பற்றிய அறிமுகம் உங்களுக்கு வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் “ஹாய், ஷித்தே இமஸ்”. தெரியாவிட்டால் “இயே, ஷிரிமஸென்”. இங்கே முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு பதிலின் வடிவத்தையும் கவனியுங்கள். ஆமாம் என்பதற்கு ‘ஷித்தே இமஸ்’ என்றால், இல்லை என்பதற்கு ‘ஷித்தே இமஸென்’ என்றுதானே வர வேண்டும்? வராது. வகுப்பில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழில் நினைத்துப் பார்த்தால் இது சுலபம். ‘அறிந்திருக்கிறேன்’ என்கிறோம், எதிர்மறைக்கு ‘அறியேன்’ என்கிறோம். செய்தி ஒரு தடவை வந்துவிட்டால் அது மனத்தில் தங்கியிருக்கிறது, அதனால் ‘இருக்கிறேன்’. வராத செய்தி எங்கே தங்கியிருக்கும்? ஷித்தே இமஸ் என்பது அறிந்திருக்கிறேன், ஷிரிமஸென் என்பது அறியேன்.

இன்னும் ஒரு படி. நீங்கள் வேலை செய்யும் முதியோர் விடுதியில் உங்கள் மேற்பார்வையாளர் வந்து “நாளைக் கூட்டம் மூன்று மணிக்கு மாறிவிட்டது” என்கிறார். உங்களுக்கு அது புதுச் செய்தி. அப்போது “ஷிரிமஸென் தேஷிதா” என்று சொல்ல வேண்டும், ‘இதுவரை தெரியாமல் இருந்தது’ என்று பொருள். பணிவான, இயல்பான பதில் இது. பயந்துபோய் இந்த இடத்தில் “வகரிமஸென் தேஷிதா” என்றால், ‘நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை’ என்று ஆகிவிடும். பாவம், அவர் முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பிப்பார்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். இடது பக்கம் ஜப்பானியச் சொல், நடுவில் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், மூன்றுக்கும் இடையே சிவப்பு மையில் சமக்குறி. அந்தச் சமக்குறிதான் வினை. நடுவில் ஆங்கிலம் நிற்பது அதைவிட மோசம். ஒமொஉ, கங்கயேரு இரண்டையும் உங்கள் ஆசிரியர் ‘திங்க்’ என்று எழுதிப்போட்டு, நீங்கள் இரண்டுக்கும் ‘நினை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நேரே தமிழுக்கு வந்திருந்தால் சண்டையே இல்லை: ஒமொஉ நினைப்பது, கங்கயேரு யோசிப்பது. ஸமுயி, த்ஸுமெதாய் இரண்டுக்கும் ‘கோல்ட்’. மார்கழிக் காலையில் உடம்பு நடுங்கினால் ஸமுயி, ஐஸ் தண்ணீர் கையில் பட்டுச் சில்லென்றால் த்ஸுமெதாய். நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது. நடுவில் வந்த மொழிதான் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. கைப்பேசி மொழிபெயர்ப்பிலும் இந்த ஆபத்து உண்டு. ஒற்றைச் சொல்லாகப் போட்டுத் தேடாதீர்கள்.

இந்த லட்சணத்தில் இருக்கும் எண்ணூறு ஜோடிகளுக்குத்தான் நாலாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். “இது அதிகாரபூர்வப் பட்டியல், தேர்வில் அப்படியே வரும்” என்று சொல்லியிருப்பார்களே? ஜேஎல்பிடி தேர்வு 2010-இல் திருத்தி அமைக்கப்பட்டதிலிருந்து, எந்த நிலைக்கும் சொற்பட்டியலைத் தேர்வு நடத்துபவர்கள் வெளியிடுவதே இல்லை. அதிகாரபூர்வம் என்று எவராவது விற்றால் அது பொய், அவ்வளவுதான். அந்த மையத்திடமே கேளுங்கள்: வெளியிட்டது யார், எந்த ஆண்டு? பதில் வராது.

தேர்வின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கோடிட்ட சொல்லுக்கு மிக நெருங்கிய பொருளுடைய தொடரை நாலில் ஒன்றாகத் தேர்ந்தெடு என்று ஒரு வகைக் கேள்வி வருகிறது. மையங்கள் அதை வைத்தே பாடம் நடத்துகின்றன. பிள்ளைகளும் ‘இது அதுதான்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த வகைக் கேள்வி, ஒரே சொல்லை நாலு வாக்கியத்தில் போட்டு எது சரியான பயன்பாடு என்று கேட்கும். அங்கேதான் மதிப்பெண் போகிறது. இதையெல்லாம்விட, ஜேஎல்பிடியிலும் சரி, வேலைக்குப் போகிறவர்களுக்காக 2019-இல் தொடங்கிய ஜேஎஃப்டி பேசிக்கிலும் சரி, வாய் திறந்து பேசும் பகுதி கிடையாது. ஜேஎஃப்டியில் 250-க்கு 200 வாங்கினால் தேர்ச்சி. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வாங்கிவிடலாம். படுக்கையில் கிடக்கும் எண்பது வயதுப் பாட்டியிடம் நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலைக்கு இப்படியா ஆளெடுப்பது?

இந்த ஓட்டையில்தான் தரகர்கள் புகுந்துகொள்கிறார்கள். குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்ட பிறகு, ‘மூன்றே மாதத்தில் என்4, ஆறாவது மாதம் விமானம்’ என்று சுவரொட்டி ஒட்டாத ஊரில்லை. மொழி வகுப்புக்கு ஒரு பணம், பட்டியலுக்கு ஒரு பணம், நேர்காணலுக்கு மனப்பாடப் பதில் எழுதித் தர ஒரு பணம். அந்த மனப்பாடப் பதிலில் இல்லாத ஒரே ஒரு கேள்வி வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். உங்களை அனுப்பப்போகிற முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று இன்றைக்கே பாருங்கள். சான்றிதழ்களின் அசலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சொற்களைப் பற்றிக் கேட்டால் இவன் இதையெல்லாம் சொல்கிறானே என்று நினைக்கலாம். அசலைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் வேலைக்கு உண்மையில் தேவைப்படும் நுட்பமான வேறுபாடுகள் அந்த எண்ணூறில் இருக்கப்போவதில்லை. வலியை எடுத்துக்கொள்ளுங்கள். இதாய் என்றால் வலிக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விடுதியிலிருக்கும் முதியவர் அதோடு நிறுத்த மாட்டார். ஜுகிஜுகி என்பார்: விண்விண்ணென்று தெறிக்கிறது. ச்சிகுச்சிகு என்பார்: சுருக் சுருக்கென்று குத்துகிறது. தோல் காந்தினால் ஹிரிஹிரி. மண்டை இடித்தால் கங்கன். வயிறு விடாமல் மெதுவாக நோகும்போது ஷிகுஷிகு. ச்சிகுச்சிகுவையும் ஷிகுஷிகுவையும் காதில் மாற்றிப் போட்டுக்கொண்டால் மருத்துவரிடம் வேறு வலியைச் சொல்லிவிடுவீர்கள். இரட்டைக்கிளவியில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமே இல்லை. உங்கள் பாட்டி வலியைச் சொன்ன விதத்தை நினைத்து, பக்கத்தில் ஜப்பானியச் சொல்லை எழுதுங்கள்.

அடுத்தது கொடுப்பது. அகேரு, குரேரு இரண்டுக்கும் உங்கள் நோட்டில் ‘கொடு’. பிறர் எனக்கோ என் வீட்டாருக்கோ தந்தால் குரேரு. நான் பிறருக்கோ, பிறர் பிறருக்கோ கொடுத்தால் அகேரு. நமக்கு இது புதிதா என்ன? தா என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. ‘எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்’ என்பது இன்றும் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ‘உனக்குத் தருகிறேன்’ என்பதில் நமக்குத் தா வரும், அவர்களுக்கு அகேரு வரும். இதில் உங்கள் வேலைக்கு ஒரு எச்சரிக்கை: முதியவரிடம் “தெத்ஸுதத்தே அகெமஸ்” என்று சொல்லாதீர்கள். ‘உனக்கு உதவி செய்து தருகிறேன்’ என்று தயவு காட்டுவது போலிருக்கும். “ஒதெத்ஸுதாய் ஷிமஷோ க” என்று கேளுங்கள், ‘உதவி செய்யட்டுமா’ என்று பொருள். கர, நோதே இரண்டும் ‘அதனால்’ என்று காரணம் காட்டும் சொற்கள். தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லும்போது கர வேண்டாம், நோதே போடுங்கள். கரவில் சாக்குச் சொல்லும் வாடை அடிக்கும்.

புதிய நோட்டு ஒன்று வாங்குங்கள். சமக்குறி கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு முழு வாக்கியம், அதன் கீழே யார் யாரிடம் சொன்னது என்ற ஒரு வரி. தமிழில் அந்த இடத்தில் உங்கள் வாயில் தானாக வரும் பேச்சு எதுவோ, அதையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். வாக்கியங்களுக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் ‘இரோதொரி’ பாடப்புத்தகத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், ஒலிப்பதிவும் அதோடு கிடைக்கும். ஜப்பானில் வேலைக்குப் போய் வாழப்போகிறவர்களுக்காகவே எழுதப்பட்டது அது. கொஞ்சம் முன்னேறியதும், தோக்கியோவிலுள்ள தேசிய ஜப்பானிய மொழி ஆய்வு நிறுவனம் பத்துக் கோடிச் சொற்கள் அளவுக்குத் தொகுத்து வைத்திருக்கும் எழுத்து மொழித் தரவில் தேடிப் பாருங்கள். ஒரு சொல்லின் பக்கத்தில் எந்தச் சொல் வந்து உட்காருகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இரண்டுக்கும் காசு கிடையாது.

அடுத்த நேர்காணலிலும் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். இதைச் சொல்லுங்கள்: “மதா வகரிமஸென் க, பிஸா க ஒரிதரா ஸுகு ஹதரகெமஸ்.” இன்னும் முடிவாகவில்லை, விசா கிடைத்ததும் உடனே வேலைக்கு வர முடியும். வகரிமஸென்னுக்குப் பின்னால் வரும் ‘க’வைக் கொஞ்சம் இழுத்து, ஒரு மூச்சு விட்டு, மீதியைச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் வேண்டாம். வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள்.