கூகுளில் ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ரிவ்யூவை அழித்துவிடவா?

பயத்தில் அழித்துவிடாதீர்கள். அதற்காக அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் சேவை வாங்கிய நிறுவனம், ஏழு நாளில் ரிவ்யூவை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்காவிட்டால் மானநஷ்ட வழக்கு, 50 லட்சம் நஷ்டஈடு என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் ஒரு நோட்டீஸ் வந்தது. என்னிடம் கேட்டது 25 லட்சம். அதில் நான் பட்டதையும் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில் மாடுலர் கிச்சன் போட ஒரு நிறுவனத்துக்கு 2,85,000 ரூபாய் கொடுத்தோம். கொட்டேஷனில் 'பெட்டிகள் முழுவதும் 710 பிளைவுட்' என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். 710 என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதித்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான தர விதி. எங்கள் வீட்டில் ஐந்தே மாதத்தில் சிங்க்குக்குக் கீழே இருந்த அடிப்பலகை ஊறி, அப்பம் மாதிரி உப்பிவிட்டது. தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். லேமினேட் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தவர், "இது 710 இல்லீங்க, கமர்சியல் பிளைங்க" என்றார். பலகையின் முத்திரையிலும் ஐ.எஸ். 303, எம்.ஆர். என்றுதான் இருந்தது. எம்.ஆர். என்பது ஹால் அலமாரிக்குப் போடுவது. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

ஆறு வாரம் ஃபோன் செய்தேன். "அடுத்த வாரம் ஆள் அனுப்பறோம் மேடம்" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில். அப்புறம் ஃபோனையே எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, அழுகையும் கோபமுமாக உட்கார்ந்து ரிவ்யூவை எழுதினேன். எவ்வளவு கொடுத்தோம், என்ன சொன்னார்கள், என்ன போட்டார்கள், எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: 'இவர்கள் திருட்டுக் கும்பல். எல்லா வாடிக்கையாளரையும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்.'

பன்னிரண்டாவது நாள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. மூன்று பக்கம். என் மாமனார் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "கோர்ட் வாசப்படி மிதிக்காத குடும்பம்மா இது. பலகை போனா போகுது, அழிச்சிரும்மா" என்றார். அவர் கை நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்படி அனுப்பப்படும் நோட்டீஸ் முதலில் தாக்குவது எழுதியவரை இல்லை, அவர் வீட்டில் இருக்கும் பெரியவர்களைத்தான். அதனால் முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். வழக்கு இல்லை, சம்மன் இல்லை. சம்மன் என்றால் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் முத்திரையும் இருக்கும்.

என் கணவரின் நண்பர் சொன்ன வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம். நோட்டீஸை அவர் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. "உன் ரிவ்யூவைக் காட்டும்மா" என்றார். அச்செடுத்துக் கொண்டுபோன தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தவர், கடைசி இரண்டு வரியில் நிறுத்தி, "மேலே இருக்கறதுக்கெல்லாம் உன் கையில பேப்பர் இருக்கு. இந்த ரெண்டு வரிக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, முத்திரையின் படம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் என் கதைக்கு மட்டும்தான் சாட்சி. அவர்கள் 'எல்லா' வாடிக்கையாளரையும் ஏமாற்றினார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திருட்டு என்பது ஒரு குற்றத்தின் பெயர். அதைச் சொன்னால் நிரூபிக்க வேண்டியது நான்.

உங்கள் ரிவ்யூவையும் இன்றைக்கே இப்படி வரி வரியாகப் பாருங்கள். 'சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை', 'கொடுத்த காசுக்கு வேலை சரியில்லை' என்பது உங்கள் கருத்து. '710 என்று சொல்லி 303 போட்டார்கள்' என்பது தகவல், அதற்கு ஆதாரம் வேண்டும். 'ஃபிராடு', 'திருடன்', 'லஞ்சம்' போன்ற சொற்கள்தான் ஆபத்து. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால், அந்தப் பகுதியை ஒரு நோட்டீஸுக்காக எடுக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. 'ஆன்லைனில் எழுதியதற்கு வழக்குப் போட முடியாது, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று சிலர் தைரியம் சொல்வார்கள். 2015-ல் நீக்கப்பட்டது, ஆன்லைனில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு மட்டும். அவதூறைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகளாக இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதினாலும் இது பொருந்தும். அதே பிரிவிலேயே விதிவிலக்குகளும் இருக்கின்றன. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை ஒன்று. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்துடன் சொன்னது இன்னொன்று. அடுத்தவர் பணம் வீணாகாமல் இருக்க நேர்மையாக எழுதிய ரிவ்யூ நிற்கிற இடம் இதுதான். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை ஒன்றே போதுமான பதில்.

எனக்கு வந்த நோட்டீஸில் 499, 500 என்றே போட்டிருந்தது. நான் எழுதியது ஆகஸ்டில், அதற்குள் அந்தச் சட்டமே மாறிவிட்டது. "ஏற்கெனவே டைப் பண்ணி வெச்ச லெட்டர், பேரை மட்டும் மாத்தியிருக்காங்க" என்றார் வக்கீலம்மா. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

25 லட்சம் என்ற எண்ணையும் அவர் விளக்கினார். தமிழ்நாட்டில் பணம் கேட்டுச் சிவில் வழக்குப் போட்டால், கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 25 லட்சம் கேட்க 75,000 ரூபாய் முன்கூட்டியே கட்ட வேண்டும். உங்களிடம் 50 லட்சம் கேட்டிருக்கிறார்கள் என்றால் ஒன்றரை லட்சம். நோட்டீஸில் எவ்வளவு எழுதினாலும் செலவு ஒன்றுதான், நீதிமன்றத்தில் அப்படி இல்லை. ஆனால் இதைக் கேட்டு அசட்டையாகவும் இருந்துவிடக்கூடாது. மாஜிஸ்திரேட் முன்னால் தனிப் புகார் கொடுக்க அவ்வளவு செலவாகாது, அதனால் உண்மையான தொல்லை வந்தால் அந்த வழியாகத்தான் வரும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புகாரை எடுத்துக்கொள்வதற்கு முன் மாஜிஸ்திரேட் எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும். இது முன்பு இல்லாத பாதுகாப்பு. சிவில் வழக்குக்கு ஒரு வருடம், குற்றப் புகாருக்கு மூன்று வருடம் என்று காலக்கெடுவும் உண்டு.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் பழைய ரிவ்யூவைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அப்புறம் அந்த இரண்டு வரியை மட்டும் நீக்கிவிட்டு, மீதியை எண்களோடு இன்னும் தெளிவாக எழுதினேன். முத்திரையின் படத்தையும் சேர்த்தேன். வக்கீலம்மா 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றரைப் பக்கத்தில் பதில் அனுப்பினார். ரிவ்யூவில் உள்ளவை உண்மை, ஆவணங்கள் இருக்கின்றன, பலகையை மாற்றித் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம், அவ்வளவுதான். அதில் ஒரு கோபச் சொல்கூட இல்லை. நோட்டீஸுக்குப் பதில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லைதான். ஆனால் பின்னால் வழக்கு வந்தால், அன்றைக்கே நம் நிலையைச் சொல்லியிருக்கிறோம் என்பது பெரிய பலம். வாட்ஸ்அப் செய்திகள் இருக்கிற ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழோடு தாக்கல் செய்யும் முறை இருக்கிறது, அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது.

பதில் போன வாரம் ஒரு ஃபோன் வந்தது. "ஸ்டேஷன்ல இருந்து பேசறோம், உங்க மேல கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு, ரிவ்யூவை எடுத்துட்டா முடிஞ்சிரும்" என்றது குரல். வக்கீலம்மா முன்பே சொல்லி வைத்திருந்ததால், "எந்த ஸ்டேஷன், உங்க பேர், சி.எஸ்.ஆர். நம்பர் என்னங்க சார்?" என்று மரியாதையாகக் கேட்டேன். சி.எஸ்.ஆர். என்பது ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் ரசீது. லைன் கட்டாகிவிட்டது. அவதூறில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது, வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான் இது. நிஜமாகவே ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு தவறுகளைச் செய்ய இருந்தோம், அதை நீங்கள் செய்துவிடாதீர்கள். என் தம்பி கோபத்தில் அவன் ஆபீஸ் நண்பர்கள் இருபது பேரை வைத்து ஒரு ஸ்டார் போடச் சொல்லப் போனான். நல்லவேளை, செய்யும் முன் எங்களிடம் கேட்டான், நிறுத்திவிட்டோம். அந்த நிறுவனத்தின் வாசலையே பார்க்காதவர்கள் எழுதினால் அது பொய். நம் நல்லெண்ணம் என்ற வாதமும் அதோடு போய்விடும். இன்னொன்று இதைவிட மோசம். '50,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தால் ரிவ்யூவை எடுத்துவிடுகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்ப இருந்தேன். நமக்கு நியாயமாகத் தோன்றினாலும், பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்டதாக அதைத் திருப்பிவிடலாம். மிரட்டிப் பணம் பறித்தல் தனிக் குற்றம். பணத்தைக் கேட்க வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். ரிவ்யூவையும் பணத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதவே கூடாது.

ஆணையத்துக்குத்தான் கடைசியில் போனோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம், அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஆணையத்தின் நோட்டீஸ் அவர்களுக்குப் போனதும் நிலைமை மாறியது. எடுப்பதையே நிறுத்தியிருந்த ஃபோனிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். 2025 மார்ச்சில் சிங்க் பக்கத்துப் பெட்டிகள் மூன்றையும் 710 பலகையில் மாற்றிக் கொடுத்தார்கள். முத்திரையைப் பார்த்த பிறகுதான் லேமினேட் ஒட்ட விட்டேன். இரு தரப்பும் இனி மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டு ஆணையத்தில் முடித்துக்கொண்டோம். ரிவ்யூவை நீக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப் பார்த்தார்கள். வக்கீலம்மா அதை அடித்துவிட்டு, 'பின்னர் நடந்ததைச் சேர்த்து எழுதுவார்' என்று மாற்றினார்.

உங்கள் நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போடாமல், கைக்குக் கிடைத்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். ஏழு நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்தது இல்லை. ஆனாலும் அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே கிடைக்கும்.

என் ரிவ்யூ இன்னும் கூகுளில் இருக்கிறது. அதன் அடியில் 'ஆணையத்தில் புகார் செய்த பிறகு 2025 மார்ச்சில் மூன்று பெட்டிகளை 710 பலகையில் மாற்றிக் கொடுத்தார்கள்' என்று சேர்த்திருக்கிறேன். ஸ்டாரை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். மாமனார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்க வாசித்துவிட்டு, "இதுல பொய் ஒண்ணும் இல்லையேம்மா, இருக்கட்டும்" என்றார்.