வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளப்படும் வயதான நண்பரைப் பார்க்கப் போகிறேன். அங்கே என்ன பேசுவது?

பேச்சை விடுங்கள், அது தானாக வரும். நீங்களும் என்னைப் போல "அடுத்த வாரம் போகலாம்" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டவராகத்தான் இருப்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

என் நண்பருக்கு 78 வயது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். நான் முதன்முதலாகப் போனபோது அவர் உள்ளே துணி அலசிக்கொண்டிருந்தார். நண்பர் "தண்ணி" என்றார். பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். ஒரே வாய்தான். புரையேறி, முகமெல்லாம் சிவந்து, அந்த அம்மா ஓடிவந்து அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "சார், என்னைக் கேக்காம எதையும் குடுக்காதீங்க."

பக்கவாதம் வந்த சிலருக்கு விழுங்குவது தடுமாறுமாம். கெட்டியானதைவிட வெறும் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நிமோனியா வரை போகலாம். அவருக்குத் தண்ணீரில்கூட அதற்கென்றே உள்ள பொடியைக் கலந்து கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியால்தான் கொடுக்கிறார்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கக் கிளம்புகிறவர்களே, கண்ணெதிரே ஒருவர் தாகம் என்றால் நீங்கள் மட்டும் மருத்துவக் குறிப்பைப் புரட்டிக்கொண்டா இருப்பீர்கள்?

வெட்கத்தில் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு செஸ் போர்டோடு போனேன். முப்பது வருடமாக அவரிடம் தோற்றே பழகியவன், அன்று அரை மணி நேரத்தில் ஜெயித்தேன். ஓரத்தில் என் யானை அவருடைய ராணியைக் குறிவைத்து நிற்கிறது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூளை மழுங்கிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த முறை போனபோது பிசியோதெரபிஸ்ட் இருந்தார். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், கண் நன்றாக இருந்தாலும் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்காது என்றார். தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே மிஞ்சும், சட்டையின் இடது கை மாட்டாமல் தொங்கும். போர்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டினார். காய் நகர்த்தும் முன் அந்தச் சிவப்பைத் தேடிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். பேச ஒரு பக்கம், பயிற்சிக்கு வேறு பக்கம் என்பார்கள்.

சொல்ல வந்ததோடு இதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும்: இப்போது வருகிற பிளாஸ்டிக் காய்களைச் செய்கிறவர்கள் ஒருநாளாவது விளையாடிப் பார்த்திருப்பார்களா? ஊதினால் விழுகின்றன. ஒரு கையால் ஆடுகிறவருக்கு அடி கனத்த மரக்காய்தான் சரி.

இப்போதெல்லாம் அவருக்குக் கண் சொருகியதும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடுகிறேன். போர்டு அப்படியே அவர் பக்கத்து மேசையில் இருக்கும். போன வாரம் போய்ப் பார்த்தால் ஒரு கறுப்புச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் நிற்கிறது. கேட்டால், "நான் எங்கேய்யா கை வெச்சேன்?" என்கிறார்.

அதுவும் இடது ஓரச் சிப்பாய்.