பெட்டியடியில் கிடைத்த 1807 தேர்தல் கடிதம்: அசல்தானா, என்ன செய்வது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது ஐந்து டாலருக்கு ஒரு மரப்பெட்டி வாங்கினேன். அதன் அடியில் மடித்த கடிதம் ஒன்று இருந்தது. உறை இல்லை. மேலே நியூவார்க், பிப்ரவரி 16 என்று இருக்கிறது, வருடம் 1807-ஆ 1827-ஆ தெரியவில்லை. நியூ பிரன்சுவிக்கில் உள்ள ஒருவருக்கு எழுதியது. எலெக்‌ஷன், கோர்ட் ஹவுஸ், வோட்ஸ் என்ற சொற்கள் மட்டும் புரிகின்றன. வெளிப்பக்க மூலையில் 8 என்று எழுதியிருக்கிறது, ஓரத்தில் காசு அளவுக்கு ஓட்டை. இது அசலா? எப்படிப் படிப்பது? லேமினேட் செய்யலாமா? விலை போகுமா?

பதில்: லேமினேஷனில் ஆரம்பிக்கிறேன், அவசரம் அதில்தான். செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க நினைத்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும். ஒருவர் ஆசை ஆசையாக லேமினேட் செய்து, சட்டமும் போட்டு என்னிடம் கொண்டுவந்தார், பார்த்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. செலோடேப்பும் வேண்டாம். அமிலம் இல்லாத காகித உறை கடையில் கிடைக்கும், அதற்குள் வைத்து வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் போதும். மடிப்புகளை இஸ்திரி போட்டு நிமிர்த்த நினைக்காதீர்கள்.

சரி, இப்போது அந்த 8. நீங்கள் அதைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கென்னவோ முழுக் கடிதத்தையும்விட அதுதான் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் தபால்தலை வந்ததே 1847-இல். அதற்கு முன்பு கட்டணத்தைத் தபால் நிலைய அதிகாரி உறைமேல் கையால் எழுதுவார், பெரும்பாலும் வாங்குபவர்தான் காசு கொடுப்பார். உறைமேல் என்று சொன்னேன், ஆனால் உறையே கிடையாது. எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்பதை வைத்துக் கட்டணம் போட்டதால் உறை போட்டால் அது இரண்டாவது தாளாகிக் கட்டணம் இரட்டிப்பாகும். அதனால் எழுதிய தாளையே மடித்து, அரக்கு முத்திரை ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். 1799-இல் வந்த கட்டணப்படி 40 மைல்வரை ஒரு தாளுக்கு 8 சென்ட். நியூவார்க்கிலிருந்து நியூ பிரன்சுவிக் 25 மைல் சொச்சம்தான், சரியாகப் பொருந்துகிறது. 1816-இல் கட்டணத்தை மாற்றியபோது 30 மைல்வரை 6 சென்ட், அதற்கு மேல் 80 மைல்வரை 10 சென்ட் என்று ஆகிவிட்டது, 8 என்ற கட்டணமே இல்லை. ஆகவே 1827 என்பது தள்ளுபடி. மூன்றாவது இலக்கம் சுழியன்தான்.

அசலா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. போலி செய்கிறவன் வாஷிங்டன், ஜெபர்சன் என்று பெரிய கையெழுத்தாகப் பார்த்துச் செய்வான், கோர்ட் ஹவுஸ் விவகாரத்தை எழுதி எட்டு சென்ட் போட்டுவைக்க மாட்டான். இருந்தாலும் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப் பிரதி. அந்தக் காலத்து இரும்பு கலந்த மை என்றால் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கியிருக்கும், சில இடங்களில் பின்பக்கம்கூடத் தெரியும். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரியலாம், தெரியாவிட்டாலும் போலி என்று முடிவு கட்டாதீர்கள், கோடில்லாத தாளும் அப்போது புழக்கத்தில் இருந்தது. ஓட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். முத்திரையை உடைத்துப் பிரித்தபோது கிழிந்தது அது, போன சொற்கள் முத்திரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நகத்தால் கிளறிப் பார்க்க வேண்டாம்.

படிப்பதற்கு முதலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் படமெடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். எஸ் இரட்டையாக வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீட்டி எஃப் மாதிரி எழுதுவார்கள், அசெம்ப்ளி என்ற சொல் உங்களைக் குழப்பியிருந்தால் அதனால்தான். தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்றிருந்தால் இதே மாதம், 'அல்ட்' என்றிருந்தால் போன மாதம். கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்ற பாணியில் முடிந்திருந்தால் அவரை வேலைக்காரர் என்று நினைக்காதீர்கள், நம் 'இப்படிக்கு' மாதிரி வெறும் சம்பிரதாயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1807 பிப்ரவரியில், நியூவார்க் இருக்கும் எசெக்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) புது நீதிமன்றக் கட்டடம் நியூவார்க்கிலா எலிசபெத்டவுனிலா என்று வாக்கெடுப்பு நடந்தது. நியூ ஜெர்சியின் 1776 அரசியல் சட்டம் ஐம்பது பவுண்டு சொத்துள்ள 'எல்லாக் குடியிருப்போருக்கும்' வாக்கு கொடுத்திருந்ததால் அங்கே பெண்களும் கறுப்பினத்தவரும் வாக்களித்தார்கள். மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்று சட்டம் சொன்னதால் பெண்களில் கைம்பெண்களும் மணமாகாதவர்களும்தான் பெரும்பாலும். இந்த வாக்கெடுப்பில் இரண்டு ஊர்க்காரர்களும் வெட்கமே இல்லாமல் கள்ள ஓட்டுப் போட்டார்கள், ஆண்கள் பெண் வேடம் போட்டு மறுபடி வந்தார்கள் என்றுகூடக் குற்றச்சாட்டு. நியூவார்க் ஜெயித்தது, சட்டமன்றம் முடிவை ரத்து செய்தது. அதோடு விட்டார்களா? அந்த ஆண்டு நவம்பரிலேயே வரி கட்டும் வெள்ளை ஆண் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று சட்டம் போட்டார்கள். வேடம் போட்டவன் ஆண், ஓட்டை இழந்தவள் பெண்!

உங்கள் கடிதம் இதைப் பற்றியதுதானா என்பதை முழுக்கப் படித்தால்தான் சொல்ல முடியும், ஊரும் மாதமும் பொருந்துகின்றன. பெண்கள், கறுப்பினத்தவர், இரண்டாம் முறை வாக்களித்தவர் என்று எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வேட்பாளர் பெயர் ஏதாவது வந்தால் அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி என்ற வரலாற்று நூலகமும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இணையத்தில் வைத்திருக்கும் 'எ நியூ நேஷன் வோட்ஸ்' தொகுப்பில் பாருங்கள். 1787 முதல் 1825 வரையான தேர்தல் முடிவுகள், ஃபிலிப் லாம்பி என்பவர் பல்லாண்டுகள் கையால் குறித்துச் சேர்த்தவை.

விலை? பெயர் தெரியாதவர் எழுதிய சாதாரணக் கடிதம் என்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. அந்த வாக்கெடுப்பை நேரில் பார்த்தவர் எழுதியது என்றால் கதை வேறு, அப்போதும் விற்பதற்கு முன் நியூவார்க்கிலேயே இருக்கும் நியூ ஜெர்சி வரலாற்றுச் சங்கத்திடம் காட்டுங்கள். விலை அவர்களிடம் கேட்காதீர்கள், இப்படிப்பட்ட இடங்களில் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். தாளில் கவுண்டி அலுவலக முத்திரையோ கோப்பு எண்ணோ இருந்தால் விற்கும் பேச்சே வேண்டாம், அது அரசு ஆவணமாக இருக்கலாம்.

இன்னொன்று. பழைய மடிப்பிலேயே மெதுவாக மடித்துப் பார்த்தால் வெளிவிளிம்பில் வேறொரு கையெழுத்தில் ஒரு பெயரும் தேதியும் இருக்கலாம், கடிதம் வாங்கியவர் கட்டி வைப்பதற்காக எழுதிய குறிப்பு. இருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள், எழுதியவர் பெயரை அதில் படிப்பது கடிதத்தின் கையொப்பத்தில் படிப்பதைவிடச் சுலபம்.