அகதி முகாமில் இருப்பவர்கள் அரசியலில் ஒதுங்கி நிற்பது ஏன்?

"ஊத்தங்கரை பாம்பாறு அணை முகாமில் இருப்பவர்கள் ஈழத்தில் அவ்வளவு பட்டும் இங்கே அரசியல் பேசுவதில்லையே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டதால்தான் பேசுவதில்லை, பாதி பதில் அதுதான். 1979இல் இலங்கை கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை ஒருவரை அடைத்துவைக்க இடம் கொடுத்தது. அந்தச் சூழலில் வளர்ந்தவருக்குக் காகிதத்தில் பெயர் இருப்பதே ஆபத்து. ஒருமுறை குடிதண்ணீர் மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டேன். "தண்ணி வேணும்தான் தம்பி, என்ர பேர் வேண்டாம்" என்றார் ஒரு பெரியவர்.

மீதிப் பதில் நம் பக்கம். 1991இல் ராஜீவ் கொலைக்குப் பின் தமிழ்நாடு போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பு இறுகியது. பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. சில அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர வழிசெய்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, அவ்வளவுதான்.

அதே அடக்குமுறைக்குத் தப்பிக் கனடா போனவர்களோ 2009 மே மாதம், ஈழப் போரை நிறுத்தச் சொல்லி டொராண்டோவில் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். 2011இல் ஈழத் தமிழரான ராதிகா சிற்சபைஈசன் அங்கே எம்.பி. ஆனார். குடியுரிமை கையில் இருந்தால் பழைய பயம் கோபமாகவும் மாறும்.

இன்னொன்று: பேசாதவர்கள் கவனிக்காதவர்கள் அல்ல. இலங்கையில் தேர்தல் என்றால் முகாமில் நள்ளிரவு தாண்டியும் செல்போன்கள் அணையாது.