மெலியேக்க மார்பு ஏன் நோகுது? உங்கட கேள்வியளும் என்ர பதிலும்

கந்தசஷ்டி முடிஞ்ச கையோட வந்த கேள்வியளில அரைவாசி ஒரே விசயம்தான், உடம்பு குறைக்க வெளிக்கிட்ட பிறகு மார்பு நோகுது, பீரியட்ஸ் குழம்புது எண்டு. ஒரு ஆள் ‘அந்த இடம்’ எண்டு மட்டும் எழுதியிருக்கிறா, எந்த இடம் எண்டு பிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் போட்டுது. டொக்டரிட்ட என்ன வெக்கம், பேர் சொல்லியே எழுதுங்கோ.

கேள்வி: வயசு 29, கலியாணமாகி நாலு வருசம், பிசிஓஎஸ் (சூலகத்தில சின்னச் சின்ன நீர்க்கட்டி தெரியிற ஹோர்மோன் குழப்பம்) எண்டு சொன்னவை. 82 கிலோவில இருந்து 75க்கு வந்திட்டன். இப்ப மாசாமாசம் பீரியட்ஸ் வருது, ஆனா அதுக்குப் பத்து நாள் முன்னமே ரெண்டு மார்பும் கல்லு மாதிரி, கமக்கட்டு மட்டும் நோகுது. டயற் பிழைச்சிட்டுதோ? (மானிப்பாய்)

பிழைக்கேல்லை பிள்ளை, சரிவந்திருக்கு போலதான் கிடக்கு. முந்தி ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வரேக்க முட்டை ஒழுங்கா வெளியேறேல்லை, அதால முட்டை வெளியேறின பிறகு சுரக்கிற புரோஜெஸ்தரோன் எண்ட ஹோர்மோனும் பெரிசா சுரந்திராது. பிசிஓஎஸ் உள்ள ஆக்கள் நிறையில 5 தொடக்கம் 10 வீதம் குறைச்சாலே கனபேருக்கு முட்டை திரும்ப வெளியேறத் தொடங்கும், நீங்கள் குறைச்சது எட்டரை வீதம். முட்டை வெளியேறின பிறகு ஒரு ரெண்டு கிழமைக்கு புரோஜெஸ்தரோன் ஏறும், மார்பு தண்ணி கோத்து விம்மும், பீரியட்ஸ் வந்ததும் இறங்கிடும். குசினிக்க தொங்குற கலண்டரில நோகிற நாளுக்கு ஒரு புள்ளி, பீரியட்ஸ் நாளுக்கு ஒரு வட்டம் போட்டு ரெண்டு மூண்டு மாசம் பாருங்கோ, புள்ளியெல்லாம் வட்டத்துக்கு முன்னால வரிசையா நிண்டா நான் சொன்னதுதான்.

இன்னொண்டு, முட்டை வருதெண்டா பிள்ளையும் வரலாம். நாள் தள்ளிப்போய் மார்பும் நொந்தா டயற்றில பழியைப் போட்டிட்டு இருக்காம யூரின் டெஸ்ட் ஒண்டு செய்யுங்கோ. பிள்ளைக்கு விருப்பமெண்டா உங்கட பகுதி மிட்வைஃபிட்டக் கேட்டு போலிக் அசிட்டை இப்பவே தொடங்குங்கோ.

கேள்வி: வயசு 24. ரெண்டு மாசத்தில 9 கிலோ குறைச்சனான், ஒரு நேரம்தான் சாப்பாடு, சஷ்டிக்கு ஆறு நாளும் இளநியோட இருந்தனான். மார்பு சுருங்கிட்டுது, பீரியட்ஸ் மூண்டு மாசமா இல்லை. அம்மாக்குத் தெரியாது. (கோண்டாவில்)

முருகன் கோவிக்க மாட்டார், ஆனா மூளை கோவிச்சிட்டுது. உடம்புக் கொழுப்பு லெப்டின் எண்டொரு ஹோர்மோனைச் சுரக்கும், சாப்பாடு காணும் எண்டு மூளைக்குச் சேதி கொண்டுபோறது அதுதான். நீங்கள் பட்டினி கிடக்கக் கிடக்க அது விழும், உடன மூளை இப்ப பஞ்சகாலம், பிள்ளை பெறுற வேலை வேண்டாம் எண்டு சூலகத்துக்குப் போற கட்டளையை நிப்பாட்டிடும். அதால சூலகம் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் எண்ட ஹோர்மோன் குறையும், அது குறைஞ்சா எலும்பும் தேயும், அதுதான் எனக்குப் பெரிய கவலை, மார்பின்ர சைஸ் இல்லை. பார்மசியில பீரியட்ஸ் வரப்பண்ணுற குளிசை வாங்கிப் போட்டா ரத்தம் வரும், வருத்தம் அப்பிடியே கிடக்கும். மூண்டு நேரமும் சாப்பிடுங்கோ, குரக்கன் புட்டு, பயறு, முட்டை, மீன் எல்லாம். இப்போதைக்கு நிறை குறைக்கிறதை விடுங்கோ, பேந்து தேவையெண்டா கிழமைக்கு அரைக் கிலோவுக்குக் கிட்டக் குறைஞ்சாக் காணும். இந்தக் கிழமையே டொக்டரிட்டப் போய் கர்ப்பமில்லை எண்டதையும் தைரொயிட், புரொலக்டின் எண்ட ரெண்டு ஹோர்மோனையும் ரத்தத்தில பாருங்கோ. அம்மாட்டச் சொல்லுங்கோவன், ஏசினாலும் சோறு போடுவா.

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் விடியப்புறம் வேகமா நடக்கேக்க மார்பு இழுத்து நோகுது. 11 கிலோ குறைஞ்சிருக்கு. வயசு 38.

பிரா எப்ப வாங்கினது, மெலியிறதுக்கு முந்தியோ? முதுகுப்பக்கப் பட்டியை ஒருக்கா மேல இழுத்துப் பாருங்கோ, தோள்மூட்டுப் பக்கம் ஏறி வந்தா அது தாங்கேல்லை, சும்மா தொங்குது. ரெண்டு விரல் மட்டும் போற இறுக்கத்தில புதுசு வாங்குங்கோ. நாங்கள் சாறிக்குச் செலவழிக்கிற காசில பத்தில ஒண்டும் இதுக்குச் செலவழிக்கிறேல்லை.

கேள்வி: கனடாவில இருந்து அக்கா ஈவினிங் பிரிம்ரோஸ் ஒயில் (ஒரு பூச்செடியின்ர விதையெண்ணெய்க் குளிசை) அனுப்பினவ, நோவுக்கு நல்லமோ? தேத்தண்ணியையும் விடட்டோ?

அந்தக் குளிசை, மருந்தே இல்லாத சும்மா குளிசையை விடத் திறமெண்டு ஆராய்ச்சியில நிரூபிக்கப்படேல்லை. டைக்ளோபெனாக் ஜெல் பூசினா நோ குறையும், கர்ப்பமெண்டா வேண்டாம். தேத்தண்ணி குடியுங்கோ, சீனியைக் குறையுங்கோ.

கேள்வி: வயசு 52, பீரியட்ஸ் நிண்டு ரெண்டு வருசம். 6 கிலோ மெலிஞ்ச பிறகு இடப்பக்கம் ஒரு தடிப்பு தட்டுப்படுது, கொஞ்சம் நோவும் இருக்கு. கொழுப்புக் கரைஞ்சதால தெரியுதெண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா. (சாவகச்சேரி)

அக்கா சொல்லுறதில கொஞ்சம் உண்மை இருக்கு, கொழுப்புக் குறைஞ்சா உள்ளுக்க இருக்கிறது கையில கூடத் தட்டுப்படும். ஆனா உங்கட தடிப்பு அதுதானோ எண்டு அக்காவின்ர கையாலயும் சொல்லேலாது, என்ர கையாலயும் சொல்லேலாது. வெறும் நோ புற்றுநோயா இருக்கிறது அரிது, தடிப்பு வேற கதை. தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழிவிழுந்தோ, காம்பு உள்ள இழுத்தோ, ரத்தம் கசிஞ்சோ இருந்தா இன்னும் கெதியாப் போகோணும், ஆனா இதெல்லாம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். 35 வயசு தாண்டின பொம்பிளையளுக்கு எண்டு சுகவனிதையர் கிளினிக் 1996ல இருந்து நடக்குது, காசில்லை, ஆனா நீங்கள் அந்தக் கிளினிக் நாள் வரும்வரைக்கும் இருக்காம ஆஸ்பத்திரி சேர்ஜிக்கல் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போங்கோ, மமோகிராம் எடுக்கச் சொல்லுவினம். உடம்பு முயற்சி செய்து மெலிஞ்சதோ, தானா மெலிஞ்சதோ எண்டதையும் மறக்காமல் அங்க சொல்லுங்கோ, எனக்கு அதை எழுதேல்லை.