வாசல் நிலையில் இரண்டு ஆணித் துளைகள்

வணக்கம். சிங்கப்பூருக்கு வந்து நாலு மாதம், யூதரான உங்கள் கணவருக்கு இங்கே நம்மவர் என்று ஒருவர்கூட இல்லை, ஆனால் வாடகை வீட்டு நிலைக்காலில் சாய்வாக இரண்டு ஆணித் துளைகளைப் பார்த்ததிலிருந்து அவர் மனம் அங்கேயே நிற்கிறது, இது தற்செயலா என்று கேட்டிருந்தீர்கள்.

உள்ளே நுழையும்போது வலப்பக்கமாக, தோள் உயரத்தில் இருந்தால் அது மெசுசா, அதாவது யூதர்கள் வாசல் நிலையில் மாட்டும் சிறு பேழை, இருந்த இடமாக இருக்கலாம். யூத வேதமான தோராவின் வரிகளை எழுதிய தோல்சுருள் அதற்குள் இருக்கும். ஐரோப்பிய வழி யூதர்கள் பெரும்பாலும் சாய்த்து வைப்பார்கள், பாக்தாத் வழி யூதர்கள் நேராக வைப்பார்கள். துளை சாய்வாக இருக்கிறது என்றால் உங்கள் கணவரின் வழக்கத்தைச் சேர்ந்த யாரோ அங்கே குடியிருந்திருக்கலாம். எனக்கு இதைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. அதே இடத்தில் அவருடையதை மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், வாட்டர்லூ தெருவுக்குப் போங்கள். நம் கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே தெருவில்தான் 1878இல் திறந்த மகைன் அபோத் ஜெப ஆலயமும் இருக்கிறது. சனிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, சிறு தொப்பியோடு குடும்பமாக நடந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அன்று வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் வண்டி ஏற மாட்டார்கள்.

திடீரென்று போய் நிற்க வேண்டாம், வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. வார நாளில் அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டோடு போகட்டும். வழிபாடு பாக்தாத் முறை, ராகம் முதலில் அந்நியமாகத் தெரியலாம். ஆனால் கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பத்தாவது ஆளாக அவர் நுழைந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! போய்வந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.