மோசன் போட்டாச்சு, தவணை தள்ளியாச்சா?

கேள்வி: வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டுவிட்டேன் என்று பக்கத்து வளவுக்காரர் என்மேல் எல்லை வழக்குப் போட்டிருக்கிறார். யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் அடுத்த மாதம் விளக்கம் (வழக்கு விசாரணை). அதே நாள் அம்மாவுக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சை, கூடப்போக வேறு ஆளில்லை. நீதவான் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டால் போதுமா?
- வாசகி, நல்லூர்

பதில்: போதாது சகோதரி. முதலில், மாவட்ட நீதிமன்றத்தில் இருப்பவர் மாவட்ட நீதிபதி, நீதவான் அல்ல. யாராக இருந்தாலும் அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதக் கூடாது, எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் காதுக்குள் கதை சொன்னமாதிரி ஆகிவிடும். மன்றிடம் எதையும் கேட்கும் வழி மோசன், அதாவது நகர்த்தல் பத்திரம். உங்கள் சட்டத்தரணி அதை எழுதிப் பதிவாளர் கந்தோரில் கொடுப்பார். வழக்கு இலக்கம், தவணைத் திகதி, காரணம் இரண்டே வரியில். 'குடும்பச் சூழ்நிலை' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். அம்மாவின் பெயரும் சத்திரசிகிச்சைத் திகதியும் தெரிகிற ஆஸ்பத்திரித் துண்டின் பிரதியை இணையுங்கள், உங்களால் வரக்கூடிய நாட்களையும் சட்டத்தரணியிடம் சொல்லி வையுங்கள். இதையெல்லாம் இந்தக் கிழமையே செய்யுங்கள். வழக்காளி சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிற அன்று காலையில் கேட்டால், வேறு தவணை கிடைத்தாலும் அவருடைய செலவை நீங்கள் கட்ட வேண்டி வரலாம். மோசனின் பிரதி மற்றப் பக்கத்துச் சட்டத்தரணிக்கும் போக வேண்டும், அவர் ஆட்சேபனை இல்லை என்றால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுவது. என் சித்தப்பா ஒருவர் மோசன் போட்டாச்சு என்று நிம்மதியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். அங்கே கோட்டில் அவர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்கள், அவருக்காக எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. கேட்பது வேறு, கட்டளை கிடைப்பது வேறு. கட்டளை வரும்வரை பழைய தவணைதான் தவணை, அன்று உங்கள் சட்டத்தரணியாவது கட்டாயம் நிற்க வேண்டும். எதிராளி, அதாவது வழக்குப் போடப்பட்ட உங்கள் பக்கம் ஒருவரும் இல்லாவிட்டால் வழக்கை ஒருதலைப்பட்சமாக விளங்கித் தீர்த்துவிடலாம். அப்புறம் தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி, அதை நீக்கக் கேட்க வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு?

நீதவான் நீதிமன்றத்துக் குற்ற வழக்கென்றால் இன்னும் கவனம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வராவிட்டால் பிடியாணை பிறக்கும், பிணை நின்றவரையும் கூப்பிடுவார்கள்.

கதியாலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் இந்த வழக்கில் இதுவரை யார் யார் எத்தனை தரம் தவணை கேட்டார்கள் என்று சட்டத்தரணியிடம் ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் பக்கமே ஏற்கெனவே இரண்டு மூன்று தரம் தள்ளியிருந்தால், அம்மாவோடு ரயிலேற ஒரு மச்சாளையோ பெறாமகளையோ இப்பவே தேடி வைப்பது நல்லது.